பெருமாள் பார்க்கும் நாடகம்

வைசாக மாதத்துச் சுக்ல சதுர்த்தசி, நரசிம்ம ஜயந்தித் திருநாள். அன்று அந்திப் பொழுதில் வைணவத் தலங்களில் திருமஞ்சனமும் பானக நைவேத்தியமும் நடைபெறும். தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மெலட்டூரில் அந்தி வழிபாட்டோடு திருநாள் முடிந்துவிடுவதில்லை. அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலின் எதிரில், அக்கிரகாரத் தெருவிலேயே பந்தலிட்டு மேடை அமைத்திருப்பார்கள். இரவு பெருமாள் அந்த மேடையை நோக்கி எழுந்தருளுவார். அவருடைய திருமுன் அவ்வூர்க்காரர்களே வேடம் புனைந்து, பிரஹ்லாத சரித்திரத்தை விடிய விடிய ஆடியும் பாடியும் நடிப்பார்கள். பாகவத மேளா என்னும் அரிய நாடக மரபு இதுவே.

இந்த நாடகத்துக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. நடிப்பவர்கள் இதனைத் தொழிலாகக் கொண்டவர்களும் அல்லர். ஒருவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவராக இருப்பார்; மற்றொருவர் பொறியாளராக இருப்பார்; இன்னொருவர் இன்னும் பள்ளிப் படிப்பையே முடிக்காத சிறுவராக இருப்பார். அந்த ஓர் இரவுக்கு அவர்கள் இரணியனாகவும் லீலாவதியாகவும் பிரஹ்லாதனாகவும் ஆகிறார்கள். பாடல்களும் வசனங்களும் தெலுங்கில் அமைந்தவை. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கூடத்தில் அமர்ந்தபடியே எத்தனையோ நாடகங்களைத் தொலைக்காட்சியில் கண்டுகொள்ளலாம் என்று வந்துவிட்ட இந்தக் காலத்திலும், சிற்றூர் ஒன்றின் சிறிய நாடகக் குழு இரவு முழுவதும் மக்களைத் தெருவில் அமர்த்தி வைக்கிறது. அதன் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பது சிந்திக்கத் தக்கது.

ஊரும் கொடையும்

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் பேரரசு வீழ்ச்சியுற்றது. அதன் பின்னர்த் தெலுங்கு நாட்டிலிருந்து பண்டிதர்களும் கலைஞர்களும் தெற்கு நோக்கி வந்தனர். தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர்கள் அவர்களை வரவேற்று வாழ்வளித்தனர். கோவிந்த தீட்சிதரை அமைச்சராகக் கொண்டு ஆண்ட அச்சுதப்ப நாயக்கர், 510 அந்தணக் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கிணறும் அளித்துக் குடியமர்த்தினார் என்பது மெலட்டூரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அம்மன்னர் பெயரால் ஊர் அச்சுதபுரம் என வழங்கியது. உன்னதபுரி என்பதும் இவ்வூரின் பெயரே. இங்குள்ள சிவாலயத்து இறைவன் உன்னதபுரீசுவரர் என்றே இன்றும் அழைக்கப்படுகிறார்.

மன்னர் தந்தது நிலம். அந்த நிலத்தில் அமர்ந்தவர்கள் பதிலாக நாட்டுக்குத் தந்தது சங்கீதமும் நாட்டியமும். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையார் ராமசுவாமி தீட்சிதருக்குச் சங்கீதம் கற்பித்த வீரபத்ரய்யா மெலட்டூரைச் சேர்ந்தவர். பரதநாட்டியத்தில் ஆடப்படும் சப்தங்கள் பலவற்றை இயற்றிய காசிநாதய்யாவும் இவ்வூரோடு தொடர்புடையவர்.

பாகவத மேளாவுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார். தியாகராஜ சுவாமிகளின் காலத்தை ஒட்டி, அவருக்கு மூத்தவராக வாழ்ந்தவர் அவர். பிரஹ்லாத சரித்திரம், மார்க்கண்டேய சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம், அரிச்சந்திர நாடகம், சீதா கல்யாணம், துருவ சரித்திரம் முதலான நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். இசைக்கும் ஆட்டத்துக்கும் வசனத்துக்கும் அவற்றில் சம இடம் உண்டு. பாத்திரங்களின் குணத்துக்கும் நிலைமைக்கும் ஏற்ற ராகங்களில் தருக்கள் என்னும் பாடல்களை அமைத்தார். தியாகராஜ சுவாமிகளும் பிரஹ்லாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் என இசை நாடகங்களை இயற்றியிருப்பதை அன்பர்கள் அறிவார்கள். காவிரிக் கரையின் அன்றைய காற்றிலேயே நாடகமும் பக்தியும் கலந்திருந்தன என்பதற்கு இவை சான்று.

மெலட்டூரைப் போலவே சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் பாகவத மேளா நடைபெற்று வந்தது. சாலியமங்கலத்துக்கென்று பஞ்சநத பாகவதர் இயற்றிய பிரஹ்லாத சரித்திரம் தனியே உண்டு. ஊருக்கு ஊர் சாகித்தியமும் சம்பிரதாயமும் சிறிது வேறுபட்டாலும், எல்லா ஊர்களிலும் நோக்கம் ஒன்றே. எம்பெருமானின் கதையை எம்பெருமானுக்கே நடித்துக் காட்டுவது.

ஓர் இரவின் ஒழுங்கு

நாடகம் தொடங்கும் முறையே பார்ப்பவரைக் குழந்தையாக்கிவிடும். கூம்பு போன்ற குல்லாய் அணிந்த கோணங்கி முதலில் துள்ளிக் குதித்து வருவான். அவனுடைய ஆட்டம் சிரிப்பை வரவழைக்கும். ஆயினும் அதற்கு ஒரு காரியம் உண்டு. அங்கங்கே பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அமைதிப்படுத்தி, மேடையின் பக்கம் திருப்புவது அவன் பணி. அவன் சென்றதும் பாகவதர்கள் தோடய மங்களம் பாடி இறைவனை வணங்குவார்கள்.

அடுத்து வருபவர் விநாயகர். யானை முகம் தரித்த ஒரு சிறுவன் சின்னஞ்சிறு அடிகள் வைத்து ஆடுவான். வேண்டுதலின் பொருட்டுத் தம் குழந்தையை இந்த வேடத்தில் ஆடச் செய்வதாக நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஜதி சற்றே முன்பின் ஆனாலும் அங்கே குறை சொல்வார் இல்லை. அது அரங்கேற்றமும் அன்று, போட்டியும் அன்று. ஒரு பிரார்த்தனையின் நிறைவேற்றம். இந்த வேடத்தில் முதன்முதலாகக் கால் பதித்த குழந்தையே பின்னாளில் பிரஹ்லாதனாக நிற்கலாம். பிரஹ்லாதனாக நின்ற சிறுவன் வாலிபனானதும் பெண் வேடம் ஏற்கலாம். பெண் வேடம் கட்டியவர் நடுத்தர வயதில் இரணியனாகலாம். மேடை அவர்களுக்கு ஒரு படிக்கட்டைப் போல வாழ்நாள் நெடுக அமைந்துவிடுகிறது.

பின்னர்க் கட்டியக்காரன் வந்து, அரசர் வரப்போகிறார் என்று அறிவிப்பான். இருவர் ஒரு திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னே பாத்திரம் வந்து நிற்கும். பாத்திரத்தின் பெருமையைச் சொல்லும் பிரவேச தரு ஒலிக்க, திரை மெல்ல விலகும். இரணியனுக்கு ஒரு நடை, லீலாவதிக்கு ஒரு நடை, பிரஹ்லாதனுக்கு ஒரு நடை. பெயரைச் சொல்லாவிட்டாலும், அந்த நடையைக் கொண்டே வந்தவர் யார் என்று தெரிந்துவிடும். நட்டுவாங்கமும் மிருதங்கமும் வாய்ப்பாட்டும் இரவு முழுவதும் இடையறாது உடன் வரும்.

மொழி தெரியாதவர்களுக்கு இது எப்படிப் புரியும் என்ற ஐயம் புதிதாக வருபவர்களுக்கு எழுவது இயல்பு. பிரஹ்லாதனின் கதையை அறியாத வீடு நம்மிடையே எது? பாட்டியின் மடியில் கேட்ட கதைதான் அங்கே எழுந்து நடமாடுகிறது. சொல் புரியாத இடத்தில் ராகம் சொல்லும். ராகம் பிடிபடாத இடத்தில் முகமும் கையும் சொல்லும். தியாகராஜரின் கீர்த்தனைகளைக் கேட்டுக் கண்ணீர் விடுபவர் அனைவரும் தெலுங்கு கற்றவர்களா என்ன?

தாயின் தவிப்பு

நரசிம்மாவதாரத்தைப் பற்றிப் பேசும்போது இரணியனையும் பிரஹ்லாதனையும் நினைக்கிறோம். அந்த வீட்டில் ஒரு தாய் இருந்தாள் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். பாகவதத்தில் கயாது என வரும் அந்த அன்னைக்கு மெலட்டூர் நாடகத்தில் லீலாவதி என்று பெயர். நாடகத்தின் இதயம் அவளிடத்தில் இருக்கிறது.

ஒரு பக்கம் கணவன். மூவுலகும் அஞ்சும் அரசன். மறுபக்கம் பெற்ற பிள்ளை. பால் மணம் மாறாதவன். கணவனிடம் சென்று, குழந்தையைக் கொல்லாதீர்கள் என்று மன்றாடுவாள். பிள்ளையிடம் வந்து, தந்தையின் சொல்லுக்குச் சற்றே இணங்கிப் போ அப்பா என்று கெஞ்சுவாள். இருவரும் அவள் சொல்லைக் கேட்கமாட்டார்கள். ஒருவனிடம் அகந்தை அசையாமல் நிற்கிறது. மற்றொருவனிடம் பக்தி அசையாமல் நிற்கிறது. இடையில் அகப்பட்டுத் தவிப்பது அன்பு மட்டுமே. குடும்பத்தில் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே நின்று பேச்சு வாங்கிய அனுபவம் உள்ள எந்தத் தாய்க்கும் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

மரபுப்படி பாகவத மேளாவில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்கிறார்கள். லீலாவதியாகச் சேலை உடுத்தி, பின்னல் தரித்து வருபவர், நேற்று வரை வேட்டி அணிந்து கடைத்தெருவில் நடந்தவர்தான். ஊராருக்கு அது தெரியும். நள்ளிரவுக்குப் பின் அவர் பிள்ளைக்காகப் புலம்பும்போது அந்த நினைவு யாருக்கும் வருவதில்லை. முகம் அறிந்த ஒருவர், நம் கண் முன்பே வேறொருவராக மாறிப் போவதைக் காண்பதில் ஒரு தனி வியப்பு இருக்கிறது. பெயர் பெற்ற நடிகரைப் பெரிய அரங்கில் தொலைவிலிருந்து பார்க்கும்போது அந்த வியப்பு கிட்டுவதில்லை. சிறிய குழுவின் ஈர்ப்புகளில் இது முதன்மையானது.

திருமுகம் தரிக்கும் நேரம்

விடியலுக்குச் சற்று முன்னர்த் தெருவின் சூழலே மாறிவிடும். தூங்கிய குழந்தைகளைத் தாய்மார்கள் தட்டி எழுப்புவார்கள். நரசிம்மர் வரப்போகிறார்.

நரசிம்மரின் முகம் வேடப் பொருள்களோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு வைக்கப்படுவதில்லை. அது கோயிலுக்குரிய பக்தியோடு பாதுகாத்துப் பூஜிக்கப்படுகிறது. அந்த வேடத்தை ஏற்பவர் அன்று முழுவதும் உபவாசம் இருப்பார். திருமுகம் தரித்ததும் அவர் தம்மை மறந்த நிலையை அடைவதாக ஊரார் நம்புகிறார்கள். ஆவேசம் மிகும்போது பலர் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொள்வார்கள். இரணியன் கேட்கிறான், பிரஹ்லாதன் விடை சொல்கிறான், தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படுகிறார். அந்தக் கணத்தில் கைதட்டுவாரைக் காண முடியாது. கூப்பிய கரங்களையே காணலாம். வயதில் முதிர்ந்தவர்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

நாடகம் பார்க்க வந்தவர்கள் தரிசனம் பெற்றுத் திரும்பும் இடம் இது. எந்த நொடியில் நாடகம் முடிந்தது, எந்த நொடியில் வழிபாடு தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. மற்ற மேடைகளில் கலைஞர் முன்னே வருவார். தெய்வம் பின்னணியில் படமாக இருக்கும். இங்கே முதல் வரிசையில் அமர்ந்திருப்பவர் பெருமாள். நடிப்பவர் அவரை நோக்கி நடிக்கிறார். ஊர் மக்கள் பெருமாளுக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவர் பார்ப்பதைத் தாமும் பார்க்கும் பேறு பெறுகிறார்கள்.

மங்கியும் மங்காத விளக்கு

இந்த மரபு தடையின்றி ஓடி வந்த ஆறு என்று எண்ணிவிடலாகாது. ஆதரித்த அரசுகள் மறைந்தன. குடும்பங்கள் கல்வியையும் உத்தியோகத்தையும் நாடி நகரங்களுக்குப் பெயர்ந்தன. மற்ற ஊர்கள் சிலவற்றில் பாகவத மேளா நின்றே போயிற்று. மெலட்டூரிலும் விளக்கு மங்கிய காலம் உண்டு.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பரதம் நடேசய்யர் பெரும்பாடுபட்டு இதனை நடத்தி வந்தார். பரதக் கலையில் அவருக்கிருந்த தேர்ச்சியே அவர் பெயரின் முன் பட்டமாக நின்றது. அவருக்குப் பின்னர் ஏற்பட்ட தொய்வைக் களைந்து, 1930-களில் கணேசய்யர் முதலான ஊர்ப் பெரியவர்கள் மீண்டும் நாடகத்தை எழுப்பினார்கள். பாலு பாகவதர் போன்ற வித்துவான்கள் பாடாந்தரத்தைக் கெடாமல் காத்தார்கள்.

வெளியுலகின் கவனத்தை மெலட்டூரின் பக்கம் திருப்பிய பெருமை வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யரைச் சேரும். சதிராட்டம் இகழப்பட்ட நாளில், தாமே பெண் வேடமிட்டு ஆடி அதன் மேன்மையை எடுத்துரைத்தவர் அவர். அதே ஊக்கத்தோடு பாகவத மேளாவைப் பற்றியும் எழுதியும் பேசியும் வந்தார். கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம் ஆகிய மெலட்டூர் நாடகங்களைத் தயாரித்து மேடையேற்றியதும் நன்றியோடு நினைக்கத் தக்கது.

இவ்வளவு ஆதரவு இருந்தும், நாடகம் பிழைத்திருப்பது ஆண்டுதோறும் ஊர் திரும்பும் சில குடும்பங்களால்தான். சென்னையிலும் பிற நகரங்களிலும் பணிபுரிபவர்கள் இதற்கென்றே விடுப்பைச் சேர்த்து வைக்கிறார்கள். மற்றவர்கள் மே மாத விடுமுறையில் மலைவாசத் தலங்களுக்குச் செல்லும்போது, இவர்கள் கத்திரி வெயிலில் மெலட்டூருக்கு வந்து ஒத்திகை பார்க்கிறார்கள். மூத்தவர் பாடிக் காட்ட, இளையவர் கேட்டு மனனம் செய்கிறார். பேசத் தெரியாத மொழியில் பக்கம் பக்கமாக வசனங்களை நெட்டுருப் போடுகிறார்.

இவர்கள் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதே இன்று எழும் கவலை. நாடகத்தின் ஏடுகளை அச்சிட்டு வைக்கலாம். பாட்டுகளைப் பதிவு செய்து வைக்கலாம். லீலாவதி எந்தச் சொல்லில் கண்களைத் தாழ்த்த வேண்டும், எந்த அடியில் திரும்ப வேண்டும் என்பதை ஏடு சொல்லாது. அதை ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கே கொடுக்க முடியும். ஒரு தலைமுறை வராமல் போனால், அந்தச் செல்வம் அத்தோடு நின்றுவிடும். மன்னர் தந்த நிலம் கைமாறலாம், வீடு கைமாறலாம். அவற்றை மீண்டும் வாங்கிவிட முடியும். கைவிட்டுப் போன பாடாந்தரத்தை எந்த விலை கொடுத்தும் மீட்க இயலாது.

சிறுமையில் உள்ள பெருமை

குழு சிறியதாக இருப்பது குறை என்று தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால், இந்த நாடகத்தைக் காத்ததே அந்தச் சிறுமைதான் என்பது விளங்கும். பெரிய சபையாக இருந்தால் வரவு செலவு பார்க்க நேரும். கூட்டம் குறைந்த ஆண்டில் நாடகத்தை நிறுத்திவிடத் தோன்றும். மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று இரவு முழுவதும் நீளும் கதையை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கத் தோன்றும். மெலட்டூரில் கூட்டம் மிகுந்தாலும் குறைந்தாலும் பெருமாள் வந்து அமர்ந்துவிடுகிறார். அவர் அமர்ந்த பிறகு நாடகம் நடந்தே ஆக வேண்டும். ஒருவரே பார்த்தாலும் அந்த ஒருவர் அவராக இருக்கையில், கணக்குப் பார்ப்பதற்கு அங்கே இடம் ஏது?

தொண்டு செய்வதற்குப் பெரிய ஆற்றல் வேண்டும் என்று எண்ணித் தயங்குபவர்களுக்கும் இந்தத் தெரு ஒரு விடை தருகிறது. பாட வருபவர் பாடுகிறார். ஆட வருபவர் ஆடுகிறார். இரண்டும் வராதவர் திரைச்சீலையைப் பிடிக்கிறார். வந்தவர்களுக்குப் பானகம் வழங்குகிறார். கால் வலியால் எழ முடியாத முதியவர் திண்ணையில் அமர்ந்து, பாட்டின் அடியை இளைஞன் தவறவிடும் இடத்தில் எடுத்துக் கொடுக்கிறார். எல்லாமே அங்கே கைங்கரியம்.

நரசிம்ம ஜயந்தி நாளில் வாய்ப்புள்ள அன்பர்கள் ஒரு முறையேனும் மெலட்டூர் சென்று வரலாம். தஞ்சாவூரில் தங்கி மாலையில் புறப்பட்டால் போதும். இரவு முழுவதும் அமர வேண்டியிருப்பதால், முதுகுக்குச் சாய்வும் போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் கொண்டுசெல்வது நலம். முழு இரவும் கண்விழிக்க உடல் இடம் தராதவர்கள் சற்றே ஓய்ந்து, விடியலில் நரசிம்மர் வெளிப்படும் வேளைக்கு எழுந்துகொள்ளலாம். பேரன் பேத்திகளை உடன் அழைத்துச் செல்வது இன்னும் சிறப்பு. கதையை வழியிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட்டால், தெலுங்கு அவர்களுக்குத் தடையாக இராது. அவர்கள் வயதையொத்த ஒரு சிறுவன், தன் பள்ளிப் பாடங்களோடு இதையும் கற்று, பிரஹ்லாதனாக நின்று நாராயண நாமம் சொல்வதை அவர்கள் காணட்டும்.

தூணிலும் உள்ளவன் துரும்பிலும் உள்ளவன் அந்தச் சிறிய மேடையிலும் ஆண்டுதோறும் தோன்றுகிறான். அவன் தோன்றுவதற்கு ஒரு பிரஹ்லாதன் அழைக்க வேண்டும். மெலட்டூரில் அழைப்பதற்கு என்றும் பிள்ளைகள் இருக்கும்படி அந்த லக்ஷ்மி நரசிம்மனே அருள்புரிவானாக.